வானுக்கும் மெசிக்கும் வெளிநாட்டுச் சாமான்: காசு போகும் பிழைகள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருசமும் வன்னியில் வானும் மெசி போன்ற உழவு இயந்திரமும் பழைய உடம்பில் சாமான் மாற்றி மாற்றித்தான் ஓடின. வரியோடு வரும் புது வாகனத்தின் விலையைப் பார்த்தால் இன்றும் அதே கதைதான். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்து, இரவு பஸ்ஸில் பார்சல் வந்து, காலையில் கிளிநொச்சியில் பிரித்தால் சாமான் பொருந்தாது. பிழை பெரும்பாலும் போனிலேயே நடந்திருக்கும்.

டொயோட்டா ஹயேஸ் வானைத்தான் கேடிஎச் என்பார்கள். "கேடிஎச் வானுக்கு இன்ஜெக்டர்" (எஞ்சினுக்குள் டீசல் பீச்சும் சாமான்) என்று மட்டும் கேட்டால் போதாது. கேடிஎச் 200 இல் இருப்பது 2.5 லீற்றர் 2கேடி எஞ்சின், 201 இல் 3 லீற்றர் 1கேடி. யப்பான் வாகனச் செசி இலக்கத்தில் நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு முன்னால் மொடல், பின்னால் தொடர் இலக்கம். இரண்டையும் கொடுங்கள். ஒரே மொடலிலும் இடையில் சாமானை மாற்றியிருப்பார்கள். எதிலிருந்து மாறியது என்பதைத் தொடர் இலக்கத்தை வைத்துத்தான் பிடிக்கலாம். கழற்றிய சாமானில் பொறித்துள்ள இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

இன்ஜெக்டர் வாங்கும்போது செப்பு வாசரை மறந்துவிடுவார்கள், அல்லது பழையதையே திரும்பப் போடுவார்கள். இந்த எஞ்சின்களில் வாசர் கசிந்தால் எரிந்த புகை ஒயிலுக்குள் இறங்கிக் கரியாகும். அந்தக் கரி சம்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு டர்போவும் பெயாரிங்கும் ஒயில் இல்லாமல் சாகும். வாசர் மிச்சம்பிடித்தவர் எஞ்சின் தேடி அலைவார்.

அப்படித் தேடும்போது "ரீகண்டிசன்" (திறந்து புதுப்பித்தது) என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். யப்பானில் கழற்றிக் கொள்கலனில் வந்து, திறக்காமலே கழுவி வைத்த எஞ்சினுக்கும் இங்கே அதே பெயர்தான். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள்: பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், இறுகினால் விட்டுவிடுங்கள். வானில் ஏற்ற முன்னரே டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், பின்பக்க ஒயில் சீல் மூன்றையும் மாற்றுங்கள். பின்பக்கச் சீலுக்காக இன்னொரு தரம் கியர்பெட்டி இறக்கினால் கூலி இரட்டிப்பு.

எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் திருத்த வேண்டும். சுங்கப் பத்திரப் பிரதியையும், அதே இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும் காசு கொடுக்க முன்னரே வாங்குங்கள். கொடுத்த பிறகு கேட்டால் "பிறகு அனுப்புறன்" என்பார்கள்.

நேரடியாக வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் சாமான் விலைக்கு மட்டும் வரி கணக்கிடுகிறார்கள். சுங்கம் பார்ப்பது விலை, காப்புறுதி, கப்பல் அல்லது விமானக் கூலி மூன்றும் சேர்ந்த தொகையை. பாரமான கியர்பெட்டியைக் கூரியரில் எடுத்தால் கூலிக்கும் வரி கட்டுகிறீர்கள்.

மெசி 240 உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு லைனரில்தான் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழாய்) தலையிடி. அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 91.44 மில்லிமீற்றர். லைனர் இரண்டு வகையில் வரும். ஒன்று, அழுத்தி இறக்கிய பிறகு லேத்தில் போர் பண்ண (உள்ளே குடைந்து அளவாக்க) வேண்டியது. மற்றது, முடித்தே வருவது. முதலாவதை முடித்தது என்று நினைத்து இறக்கினால் பிஸ்டன் போகாது. பரவாயில்லை, பிழை உடனே தெரிந்துவிடும். குரோம் பூசிய லைனருக்குள் குரோம் பூசிய பிஸ்டன் ரிங் போட்டால்தான் ஆபத்து. எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும், ஓடும். ஆனால் ரிங் படியாது, ஒயில் குடிக்கும், காலபோக வேலை நடுவில் நீலப் புகை தள்ளும். பெட்டியில் ரிங் வகையைப் படித்துவிட்டு வாங்குங்கள். புது லைனர் ஏறி ஓடும்வரை பழைய லைனரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டாம். காலர் (மேல் விளிம்பு) உண்டா, வெளி விட்டம் எவ்வளவு என்று அளக்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.