பிட்காயின் கோர் சிங்க் ஆகாமல் நிற்கிறதா? எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பது எப்படி

பிட்காயின் கோர் என்பது பிட்காயினின் மொத்தக் கணக்குப் பதிவையும் (செயின்) உங்கள் கம்ப்யூட்டரிலேயே இறக்கிச் சரிபார்க்கும் வாலட் சாஃப்ட்வேர். அப்படி இறக்கி இன்றுவரை கொண்டுவருவதுதான் சிங்க். மூன்று நாளாக அதே சதவீதம். பேலன்ஸ் பூஜ்ஜியம். நண்பர் அனுப்பிய காயினைக் காணோம். இந்த நிலையில் பலர் செய்யும் முதல் காரியம், சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு, மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான். சிங்க் பிரச்சினையால் காயின் போவதில்லை. அதைச் சரிசெய்யப் போய்த்தான் போகிறது.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் ஃபைல் மெனுவில் ‘பேக்கப் வாலட்’ கொடுத்து, கிடைக்கும் கோப்பை ஒரு பென்டிரைவில் வையுங்கள். புரோகிராம் திறக்கவே மறுத்தால், அதை முழுதாக மூடிவிட்டு டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் ‘வாலட்ஸ்’ ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். பழைய இன்ஸ்டாலேஷன்களில் ‘வாலட்.டாட்’ வெளியிலேயே தனியாகக் கிடக்கும். மற்ற வாலட்களைப் போல பிட்காயின் கோர், வாலட்டை மீட்க உதவும் 12 அல்லது 24 வார்த்தை சீடு தருவதில்லை. அந்தக் கோப்புதான் சாவி. பிளாக்குகள் (பரிவர்த்தனைகளின் தொகுப்புகள், இவை கோர்த்ததுதான் செயின்) போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், இது போனால் போனதுதான்.

உண்மையிலேயே நின்றிருக்கிறதா?

பாதிக் கேஸ்களில் எதுவும் நின்றிருக்காது. பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும், ஆனால் அது சராசரி மட்டுமே. சில சமயம் ஒரு மணி நேரம்கூட புது பிளாக் வராது. முழுதாகச் சிங்க் ஆன வாலட் 40 நிமிடமாக அசையவில்லை என்றால் அது கோளாறு அல்ல.

முதல்முறை சிங்க் செய்யும்போது 2009 முதல் 2012 வரையிலான பிளாக்குகள் பறக்கும், ஏனென்றால் அவற்றில் பரிவர்த்தனைகள் மிகக் குறைவு. பிந்தைய வருடங்களுக்கு வந்ததும் வேகம் படுத்துவிடும். திரையில் காட்டும் சதவீதம் பிளாக் எண்ணிக்கையை வைத்து அல்ல, பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் பிளாக் எண் பாதியைத் தாண்டியும் சதவீதம் மிகக் குறைவாக இருப்பது இயல்பு.

இன்னொரு குழப்பம் 24ஆம் பதிப்பிலிருந்து வந்தது. புதிதாகத் தொடங்கும்போது ஹெட்டர்களை (பிளாக்குகளின் தலைப்புச் சுருக்கங்களை) இருமுறை இறக்குகிறது. முதல் சுற்றில் ‘ப்ரீ-சிங்கிங் ஹெட்டர்ஸ்’ என்று காட்டி 100ஐ நெருங்கி, பிறகு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். போலி ஹெட்டர்களை அனுப்பி மெமரியை நிரப்பும் தாக்குதலைத் தடுக்க இந்த ஏற்பாடு. ‘திரும்ப முதலிலிருந்து போகிறதே’ என்று மூடிவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், புரோகிராம் தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாகைப் பாருங்கள். விண்டோ மெனுவில் ‘இன்ஃபர்மேஷன்’ பக்கத்தின் கீழே டீபக் லாகைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. கோப்பின் கடைசியில் ‘அப்டேட்டிப்’ (UpdateTip) என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் பிளாக் உயரம் (அதன் வரிசை எண்), அந்த பிளாக்கின் தேதி, முன்னேற்றம், கடைசியில் ‘கேஷ்’ (ரேமில் தற்காலிகமாகச் சேர்த்து வைத்தது) அளவு இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். உயரம் ஏறியிருந்தால் வேலை நடக்கிறது. உயரம் நின்று, அதற்கு முன் கேஷ் அளவு மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்கு வந்திருந்தால், சேர்த்து வைத்ததையெல்லாம் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஜன்னல் உறைந்துபோனது போலத் தெரியும், ஹார்ட்டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். இந்த இடத்தில் டாஸ்க் மேனேஜரில் போய் ‘எண்ட் டாஸ்க்’ அடிப்பதைவிட மோசமான காரியம் எதுவுமில்லை.

பியர்கள் இருக்கிறார்களா?

பிளாக்குகளை உங்களுக்கு அனுப்பும் பிற கம்ப்யூட்டர்கள்தான் பியர்கள். வலது கீழ் மூலையில் இருக்கும் நெட்வொர்க் ஐகான் மீது மவுஸை வையுங்கள். சாதாரணமாக 10 வெளிச்செல்லும் இணைப்புகள் இருக்கும். பூஜ்ஜியம் என்றால் அந்த ஐகானையே முதலில் சந்தேகியுங்கள். தெரியாமல் அதைக் கிளிக் செய்து நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, ரவுட்டரைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. அடுத்து ஆப்ஷன்ஸில் நெட்வொர்க் பக்கம். எல்லா இணைப்பையும் டோர் (அடையாளத்தை மறைக்கும் நெட்வொர்க்) வழியாக அனுப்பும் ப்ராக்ஸியில் டிக் போட்டிருந்து, டோர் ஓடாமல் இருந்தால் ஒரு பியரும் வராது.

அதுவும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் மட்டும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். பியர்கள் வந்துவிட்டால் குற்றவாளி உங்கள் ரவுட்டர் அல்லது அலுவலக ஃபயர்வால், வாலட் அல்ல. அலுவலகங்களிலும் ஹாஸ்டல்களிலும் 8333 போர்ட்டை வெளியே போகவிடாமல் அடைத்திருப்பார்கள். பரிசோதனை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை மறக்காமல் துண்டியுங்கள், இல்லையென்றால் அன்றைய டேட்டா பத்து நிமிடத்தில் காலி.

‘ரவுட்டரில் 8333ஐத் திறந்துவிட்டால்தான் சிங்க் ஆகும்’ என்று சொல்வார்கள். அது பிறர் உங்களிடம் வந்து இணைவதற்கு. நீங்கள் இறக்கிக்கொள்ள அது தேவையே இல்லை.

டேட்டா கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். மொத்தச் செயின் 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. ‘ப்ரூன்’ செய்தாலும் (சரிபார்த்த பழைய பிளாக்குகளை அழித்தாலும்) அத்தனையையும் ஒருமுறை இறக்கித்தான் ஆக வேண்டும். ப்ரூன் மிச்சப்படுத்துவது டிஸ்க் இடத்தை, இன்டர்நெட் டேட்டாவை அல்ல. மாத வரம்பு தாண்டி வேகம் குறைந்துபோன பிராட்பேண்டில் வாலட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடிகாரம்

சின்ன விஷயம், ஆனால் ஆளைச் சுற்றலில் விடும். கம்ப்யூட்டர் கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னால் இருக்கும் நேரம் கொண்ட பிளாக்கை பிட்காயின் கோர் ஏற்காது. பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது உலகத்தில் உள்ள எல்லாப் புது பிளாக்கும் அதன் கண்ணுக்கு எதிர்காலத்தில் இருந்து வந்ததுதான்.

திறக்கும்போதே ‘பிளாக் டேட்டாபேஸில் எதிர்காலத்தைச் சேர்ந்த பிளாக் இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்து, டேட்டாபேஸை மறுபடி கட்டுவது பற்றிப் பேசினால், சரி என்று அழுத்தாதீர்கள். தேதி, நேரம், டைம்ஸோன் மூன்றையும் சரிசெய்துவிட்டுத் திறந்தால் போதும். நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றாமல் ஒரு வாரம் ரீஇண்டெக்ஸ் (டேட்டாபேஸை மறுபடி கட்டுவது) ஓட்டுவது வீண்.

டிஸ்கும் ரேமும்: மெதுவாக ஓடுவதற்கு உண்மையான காரணம்

நெட் வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது. பிளாக்கை இறக்குவது எளிது. இறக்கிய ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும், அது செலவழிக்கும் காயின் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவாகாத காயின்களின் பட்டியல் ‘செயின்ஸ்டேட்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. 10 ஜிபிக்கு மேல் வளர்ந்துவிட்ட அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். சுழலும் ஹார்ட்டிஸ்க் இந்த வேலைக்குத்தான் திணறும். எஸ்எஸ்டியில் ஓரிரு நாளில் முடிவது ஹார்ட்டிஸ்கில் வாரக்கணக்கில் இழுக்கும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, கேஷை ஏற்றுவது. ஆப்ஷன்ஸின் முதல் பக்கத்தில் ‘டேட்டாபேஸ் கேஷ்’ அளவு வழக்கமாக 450 எம்பி என்று இருக்கும். 8 ஜிபி ரேம் இருந்தால் 4000, 16 இருந்தால் 8000, 4 ஜிபி மட்டுமே என்றால் 1000 வையுங்கள். மொத்த ரேமில் பாதிக்கு மேல் போகாதீர்கள். ஆசைப்பட்டு ஏற்றினால் கம்ப்யூட்டர் ரேமுக்குப் பதில் டிஸ்கையே பயன்படுத்த ஆரம்பித்து, முன்பைவிட மெதுவாகும். கேஷ் பெரிதானால் டிஸ்கில் எழுதும் தடவை குறையும். ஆனால் நடுவில் கரண்ட் போனால் கடைசியாக எழுதியதற்குப் பிறகு செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

இரண்டாவது, இடத்தைப் பிரிப்பது. சின்ன எஸ்எஸ்டியும் பெரிய ஹார்ட்டிஸ்கும் இருந்தால், டேட்டா ஃபோல்டரை எஸ்எஸ்டியில் வைத்து, பிளாக் கோப்புகளை மட்டும் ஹார்ட்டிஸ்குக்கு அனுப்பலாம். ஆப்ஷன்ஸில் கான்ஃபிகரேஷன் கோப்பைத் திறக்கும் பொத்தானை அழுத்தி, ‘பிளாக்ஸ்டிர்’ (blocksdir) என்ற அமைப்பை ஆங்கிலத்தில் எழுதி, சமக்குறி போட்டு, ஹார்ட்டிஸ்க் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். பிளாக்குகள் வரிசையாக எழுதப்படுபவை, அதற்கு ஹார்ட்டிஸ்க் தாராளம்.

வெளி டிரைவ் என்றால் ஃபார்மட்டைப் பாருங்கள். மேக்கில் எக்ஸ்ஃபாட் டிரைவில் வைத்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போவது தெரிந்த பிரச்சினை. கிளவுடுக்குத் தானாக நகலெடுக்கும் ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள். ஆன்டிவைரஸில் இந்த ஃபோல்டரை விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். 2014இல் யாரோ ஒரு பழைய வைரஸின் அடையாளத் துணுக்கைச் செயினில் பதித்துவிட, மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் பிளாக்செயின் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது.

பழைய பதிப்பை ஓட்டுவதும் வேகத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பிளாக் குறித்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய பரிவர்த்தனைகளின் டிஜிட்டல் கையெழுத்துகளைச் சோதிக்காமல் தாண்டிவிடும். மூன்று வருடம் பழைய பதிப்பு என்றால் மூன்று வருடக் கையெழுத்துகளை உங்கள் சிபியு கூடுதலாகச் சோதிக்க வேண்டும். வேறெதுவும் செய்யாமல் பதிப்பை மட்டும் மாற்றினாலே கடைசிக் கட்டம் வேகமாகும். ஆனால் 30ஆம் பதிப்பு பழைய வகை வாலட் கோப்புகளைத் திறப்பதில்லை, புது வகைக்கு மைக்ரேட் செய்யச் சொல்லும். பேக்கப் இல்லாமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

டேட்டாபேஸ் கெட்டிருந்தால்

லாகில் ‘கரப்ட்’ என்ற சொல் தெரிந்தால் மறுபடி கட்டத்தான் வேண்டும். இதில் இரண்டு வகை. ‘ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட்’ (reindex-chainstate) என்பது பிளாக் கோப்புகளை நம்பி, காயின் பட்டியலை மட்டும் திரும்பக் கட்டும். வெறும் ‘ரீஇண்டெக்ஸ்’ (reindex) எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து படிக்கும். முதலில் சின்னதை முயலுங்கள். ப்ரூன் செய்த நோடில் (பிட்காயின் கோர் ஓடும் கம்ப்யூட்டரில்) சின்னது வேலை செய்யாது, பெரியதுதான். அங்கே பழைய பிளாக்குகள் இல்லாததால் மொத்தத்தையும் இன்டர்நெட்டிலிருந்து திரும்ப இறக்கும்.

விண்டோஸில், ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ பெட்டியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, அந்தச் சொல்லைச் சின்ன ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஒருமுறை திறந்ததும் அதை அழித்துவிடுங்கள். மறந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலிலிருந்து கட்டும். ‘எத்தனை முறை சிங்க் ஆனாலும் மறுநாள் பூஜ்ஜியம்’ என்பவர்களிடம் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மறுபடி கட்டியும் கெட்டுப்போகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு உயரத்தில் என்றால், டிஸ்கை விட்டுவிட்டு ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட் ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஓவர்கிளாக் செய்திருந்தால் பயாஸில் இயல்புக்குக் கொண்டுவாருங்கள். மற்ற வேலைகளில் தெரியாத ஒரு பிட் பிழையைப் பிட்காயின் கோர் கண்டுபிடித்துவிடும்.

சிங்க் முடிந்தும் பேலன்ஸ் காட்டவில்லை

இது சிங்க் பிரச்சினை அல்ல, ஸ்கேன் பிரச்சினை. பழைய சாவியைப் புதிதாகச் சேர்த்திருந்தால், வாலட் பழைய பிளாக்குகளைத் திரும்பப் படிக்க வேண்டும். விண்டோ மெனுவில் உள்ள கன்சோலில் ‘ரீஸ்கேன்பிளாக்செயின்’ (rescanblockchain) கட்டளை இதற்குத்தான். முதல் நான்கைந்து எழுத்தை அடித்தாலே பட்டியல் வரும். அதன்பின் தொடக்க உயரத்தைக் கொடுங்கள். 2020 மே மாத ஹாவிங்குக்கு (மைனர்களுக்கான பரிசு பாதியாகும் நிகழ்வு) பிறகு உருவாக்கிய சாவி என்றால் 630000, 2024 ஏப்ரல் ஹாவிங்குக்குப் பிறகு என்றால் 840000 போதும். தொடக்கத்திலிருந்து படித்தால் பல மணி நேரம் வீண்.

ப்ரூன் செய்த நோடில் இறக்கி அழித்த பிளாக்கை ஸ்கேன் செய்ய முடியாது. அதனால் ப்ரூன் அளவை 2 ஜிபி என்று இறுக்காமல், இடம் இருந்தால் 20 ஜிபி வையுங்கள். ஏறத்தாழ இரண்டு மாத பிளாக்குகள் கையில் இருக்கும். இரண்டு மாதம் வாலட்டைத் திறக்காமல் இருந்தாலும் சிக்கல் வராது.

எலக்ட்ரம் வைத்திருப்பவர்களுக்கு

எலக்ட்ரம் வேறொரு பிட்காயின் வாலட். அது செயினை இறக்குவதில்லை, சர்வரிடம் கேட்டுக்கொள்கிறது. அங்கே ‘சிங்க்ரனைசிங்’ என்று நின்றால் பெரும்பாலும் சர்வர்தான் காரணம். வலது கீழ் மூலை வட்டம் சிவப்பாக இருந்தால் அதைக் கிளிக் செய்து வேறு சர்வரைத் தேர்ந்தெடுங்கள், அல்லது தானாகத் தேர்ந்தெடுக்க விடுங்கள். பச்சையாக இருந்தும் காயின் குறைந்தால், தொடர்ந்து 20 பயன்படுத்தாத முகவரிகளுக்குப் பிறகு அது தேடுவதை நிறுத்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வேறு வாலட்டிலிருந்து சீடைக் கொண்டுவந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

2018 டிசம்பரில் மோசடி சர்வர்கள் எலக்ட்ரம் திரையிலேயே ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று செய்தி காட்டி, போலி வாலட்டை இறக்கவைத்துக் காயினைத் திருடின. இப்போது அதே வியாபாரம் ‘வாலட்டை சிங்க் செய்து தருகிறோம், சீடு வார்த்தைகளைப் போடுங்கள்’ என்று டெலிகிராமில் நடக்கிறது. சிங்க் செய்ய எந்த வாலட்டுக்கும் உங்கள் சீடு இன்னொருவரிடம் போக வேண்டியதில்லை.

எல்லாம் சரியானதும்

கேஷை 450க்கு இறக்குங்கள், அன்றாடப் பயன்பாட்டுக்கு அது போதும். மூடும்போது ஃபைல் மெனுவில் ‘எக்ஸிட்’ கொடுத்தால் ‘ஷட்டிங் டவுன்’ என்று ஒரு சின்ன ஜன்னல் வரும். அது தானாக மறையும்வரை கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். ஹார்ட்டிஸ்கில் இதற்கு ஐந்து பத்து நிமிடம்கூட ஆகும்.