"காணும்" என்று சொல்லப் பழகுவது: காசுப் பயத்துக்கு ஒரு ஜென் பயிற்சி

செவ்வாய்க்கிழமை காலையில் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றுக்குள் இறுகும். தையல் மெசின் வாங்க எடுத்த கிழமைக் கடனுக்குத் தவணை வாங்க வருபவர் அதில்தான் வருவார். கட்ட வேண்டிய காசு சுருட்டி மேசையில் இருந்த கிழமைகளிலும் அதே இறுக்கம்தான், அதைக் கவனித்த பிறகுதான் எனக்கு விளங்கியது: காசு இல்லாதது ஒரு பிரச்சினை, காசு இருக்கும்போதும் "காணாது, காணாது" என்று மனம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பது வேறொரு பிரச்சினை. முதலாவதற்கு வேலையும் கணக்கும் வேண்டும். இரண்டாவதற்குத்தான் கீழே எழுதியிருக்கும் பயிற்சி.

போதும் என்பதற்கு நாங்கள் "காணும்" என்றுதான் சொல்வோம். சோறு காணுமா, காசு காணுமா. எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஜென் என்ற பௌத்தத் தியான வழி கேட்பதும் அதைத்தான்: முதலில் பார், உள்ளதை உள்ளபடி பார்.

தியானம் என்ற சொல்தான் சீனாவில் சான் ஆகி, ஜப்பானுக்குப் போய் ஜென் ஆனது. அதைச் சீனாவுக்குக் கொண்டுபோனவராகச் சொல்லப்படும் போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர், காஞ்சிபுரத்து இளவரசர் என்பது எங்கள் மரபு. பௌத்தம் என்றதும் இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கம் சிலருக்கு மனம் சுருங்கும், ஏன் என்று எனக்கும் தெரியும். இந்தப் பயிற்சிக்கு யாரும் மதம் மாற வேண்டாம், சாமியறை இருந்தபடியே இருக்கட்டும்.

முதல் படி: பத்து நிமிடம் இருங்கள்

பிள்ளைகள் எழும்புவதற்கு முன், விறாந்தையில் ஒரு தலையணையை மடித்துப் போட்டு, சுவரைப் பார்த்து நிமிர்ந்து இருங்கள். கண்ணை மூட வேண்டாம், பாதி திறந்தபடி பார்வையைக் கீழே விடுங்கள். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, திரும்ப ஒன்றுக்கு வாருங்கள். நாலாவது மூச்சிலேயே கடைப்பாக்கி நினைவுக்கு வரும், லீசிங் காசு வரும், தங்கச்சியின் கல்யாணம் வரும். வரட்டும். வந்ததைத் துரத்தாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். வேறொன்றும் இல்லை.

இரண்டாம் படி: ஒரு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி காணும். காசு கை மாறும் ஒவ்வொரு தடவையும் தொகையை எழுதி, பக்கத்தில் உடம்பு என்ன செய்தது என்று ஒரு சொல் எழுதுங்கள். "ரீலோட் 100, ஒன்றுமில்லை." "மீன் 800, இறுகியது." "சீட்டுக் காசு 5000, நெஞ்சு அடித்தது." முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றவோ குறைக்கவோ வேண்டாம். எனக்கு 800 ரூபாய் மீனுக்கு இறுகிய உடம்பு, ஒருநாள் 6000 ரூபாய்ச் சாறிக்கு இறுகவே இல்லை! பயம் தொகையைப் பார்த்து வருவதில்லை என்பதை அந்தப் பக்கத்தில்தான் கண்டேன்.

மூன்றாம் படி: உங்கள் "காணும்" எவ்வளவு

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் ரியோஆன்ஜி என்ற ஜென் கோயில் இருக்கிறது. அங்கே கை கழுவும் கல் தொட்டி ஒன்று, பழைய காசு போல வட்டமாக, நடுவில் சதுரக் குழியோடு. சுற்றிவர நாலு எழுத்துத் துண்டுகள். தனியே வாசித்தால் அவற்றில் இந்தக் கருத்து வராது, நடுவில் உள்ள சதுரத்தையும் ஒவ்வொன்றோடு சேர்த்து வாசித்தால், "நான் காணும் என்பதை மட்டும் அறிவேன்" என்று வரும். காசு வடிவத்தில் ஒரு கல், அதன் நடுவில் தண்ணீர்.

இது எங்களுக்குப் புதிதில்லை. கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளம் 36 அடி கொள்ளும். மாரி முடிந்து சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். தண்ணீர் குறைந்த வருடம் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பார்கள். வயலைப் பார்த்து ஏக்கரை முடிவு செய்தால் கதிர் வரும் நேரம் வாய்க்கால் காய்ந்துவிடும்.

வீட்டுக் காசையும் அப்படிப் பாருங்கள். அரிசி, மரக்கறி, மின்சாரம், பள்ளிக்கூடம், மருந்து, பயணம், கடன் தவணை, கோயில். ஒரு மாதத்துக்கு உண்மையில் எவ்வளவு? எங்கள் நாலு பேருக்கு 58,000 ரூபாய் வந்தது. அதை எழுதி வட்டம் போட்டபோது எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அதுவரை என் மனதில் இருந்த தொகைக்கு எல்லையே இருக்கவில்லை. எல்லை இல்லாத தேவையை எந்தச் சம்பளமும் நிரப்பாது. வருமானம் அந்த வட்டத் தொகைக்குக் காணாது என்றால் அதையும் எழுதுங்கள், அப்போது "எனக்கு ஒன்றுமே இல்லை" என்பது போய் "எனக்கு 9000 குறைகிறது" என்று வரும், 9000 ரூபாய்க்கு வழி யோசிக்கலாம்.

நான்காம் படி: அரை அகப்பை

ஜப்பானில் எய்ஹெய்ஜி என்ற ஜென் மடத்தை நிறுவிய தோகென், 1200 முதல் 1253 வரை வாழ்ந்தவர், ஓடையில் அள்ளிய தண்ணீரில் பாதியைப் பாவித்து மீதியை ஓடைக்கே விடுவார் என்று சொல்வார்கள். அந்த ஓடையில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனாலும் விட்டார். எங்கள் அம்மா அரிசியைச் சுண்டால் அளந்து, உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துப் பழைய பால்மா ரின்னுக்குள் போடுவா. 2022இல் அரிசி விலை ஏறி நாங்கள் சோற்றைக் குறைத்த நாட்களிலும் அந்தப் பிடியை விடவில்லை, கை மட்டும் கொஞ்சம் சிறிதாக மூடும். ரின் நிரம்பும் சத்தம் மாறுவதைக் கேட்பா. நீங்களும் நாளுக்கு 20 ரூபாயோ ஒரு பிடி அரிசியோ வையுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கில் எழுதாத கொடை

கோயில்கள் கட்டியதற்கு எனக்கு என்ன புண்ணியம் என்று சீனப் பேரரசர் வூ கேட்டபோது, போதிதர்மர் "ஒன்றுமில்லை" என்றாராம். கிழமைக்கு ஒரு தடவை சின்னதாக எதையாவது கொடுங்கள், பக்கத்து வீட்டுக்கு இரண்டு முருங்கைக்காய் போதும். இந்த ஒன்றை மட்டும் கொப்பியில் எழுத வேண்டாம்.

கடன் உள்ளவர்களுக்கு

காசு வரும் என்று நினைத்தால் வந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இருந்து மூச்சு எண்ணினால் வட்டி குறையாது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களை ஒரு இலட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது, அத்தனை பெண்களுக்கும் மனம்தான் சரியில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே மீதித் தொகை, வட்டி, கடைசித் தவணைத் திகதி மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுக்காதீர்கள். ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு போயாவுக்கும், அதாவது பௌர்ணமிக்கும், விடுமுறைதானே, கொப்பியைத் திறந்து "இறுகியது" எத்தனை என்று எண்ணுங்கள். எனக்கு முதல் மாதம் 31, மூன்றாம் மாதம் 19. செவ்வாய்க்கிழமை இறுக்கம் இன்னும் போகவில்லை. மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பி நிற்பதற்குள் மூன்று மூச்சு எண்ணுகிறேன், பிறகு காசை எடுத்துக்கொண்டு போய்ப் படலையைத் திறக்கிறேன்.