எபிரேயத்தில் தீர்க்கதரிசிகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மாலைகளில் ஆறேழு பேர் கூடி, ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எபிரேயத்தில் படிக்கிறோம். எல்லாருக்கும் எழுத்து தெரியும், அகராதி பார்க்கத் தெரியும். போன வாரம் ஒரு தம்பி, “அண்ணா, மித்பார்னா வனாந்தரம். அதுக்குள்ளேயே தாவார், அதாவது வார்த்தை, ஒளிஞ்சிருக்கு. அப்போ வனாந்தரம்னா வார்த்தை கிடைக்கிற இடம்!” என்றான். புதையல் கண்ட முகம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே வாக்கியத்தை நான் ஒரு சபையில் பேசியிருக்கிறேன். பேசியதோடு நிற்காமல் அச்சடித்தும் கொடுத்திருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளில் தடுமாறுவது, அதாவது தாலெத்தை ரேஷ் என்று படிப்பது, பேத்தையும் காஃபையும் குழப்பிக்கொள்வது இதெல்லாம் நாலு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேரைப் பிடித்துக்கொண்டு வசனத்தைக் கைவிடுவது

இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை.

நடந்தது இதுதான். ஓசியா 2:14-இல் ஆண்டவர் இஸ்ரவேலை வனாந்தரத்துக்கு அழைத்துக்கொண்டுபோய்ப் பேசுவேன் என்கிறார். வனாந்தரம் மித்பார். பேசுவேன் என்பதற்கு திப்பர்தி. இரண்டிலும் தாலெத், பேத், ரேஷ் என்ற அதே மூன்று மெய்யெழுத்துகள் (பேத் சில இடங்களில் ‘வ’ என்றும் ஒலிக்கும்). எபிரேயத்தில் இப்படிப்பட்ட மெய்களைத்தான் வேர் என்பார்கள். ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுக்கும் ஸ்ட்ராங் அகராதியைத் திறந்தேன். மித்பாருக்கு எண் 4057. அது 1696-இலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. 1696 என்றால் பேசுதல். அவ்வளவுதான், மூன்று நாள் கூட்டத்துக்குச் செய்தி தயார். 48 பக்கத்தில் சிறு புத்தகம், 300 பிரதி, சொந்தக் காசு.

இரண்டாம் நாள் கூட்டம் முடிந்ததும் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர் வந்தார். வேதாகமம் அதே பக்கத்தில் திறந்திருந்தது. “தம்பி, இதே அதிகாரத்துல மூணாம் வசனத்துல அவளை வனாந்தரம் மாதிரி ஆக்கி, தாகத்தால சாகப்பண்ணுவேன்னு இருக்கே. அங்கயும் வார்த்தை கிடைக்கிற இடம்தானா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. “கல்லும் கல்வியும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. அதுக்காகக் கல்வின்னா கல்லுன்னு சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு அகராதியை மறுபடி பார்த்தேன். 1696-க்குப் பக்கத்திலேயே ‘ஓட்டிச் செல்லுதல் என்ற பொருளில்’ என்று இருந்தது. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போகும் திறந்த வெளி. எண்ணைப் பார்த்த கண் அந்த வரியைப் பார்க்கவில்லை. யோவேல் 2:22-இல் மித்பாரின் மேய்ச்சல்கள் பசுமையாகின்றன. மீகா 2:12-இல் அதே மூன்று எழுத்துள்ள தோவெர் என்ற சொல் மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கிறது. கொள்ளைநோய்க்குச் சொல் தெவெர், தேனீக்கு தெவோரா. இவற்றிலும் அந்த மூன்று எழுத்துகள்தான். ஓசியாவே 13:14-இல் மரணத்தின் வாதைகளை தெவெர் என்றுதான் சொல்கிறார். என் கணக்குப்படி அதையும் வார்த்தை என்று பிரசங்கித்திருக்க வேண்டும்.

மீதியிருந்த இருநூற்றுச் சொச்சம் பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். போனதைத் திரும்ப வாங்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரில் ஒருவர் அதையே மேடையில் சொல்லக் கேட்டேன்.

பணம் போனதைவிட வேறொன்று வலித்தது. அந்த வசனத்தின் அசல் செல்வம் பக்கத்துச் சொற்களிலேயே இருந்தது. ‘திப்பர்தி அல் லிப்பாஹ்’, அதாவது அவள் இருதயத்தின்மேல் பேசுவேன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைப் ‘பட்சமாய்ப் பேசுவேன்’ என்கிறது. அருமையான தேர்வு. இந்தத் தொடர் எபிரேயத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஆதியாகமம் 34-இல் சீகேம் தான் சீரழித்த தீனாளிடம் இப்படிப் பேசுகிறான். வயலின் சொந்தக்காரர் போவாஸ் தன்னிடம் இப்படிப் பேசினதாக ரூத் சொல்கிறாள், அந்நிய வயலில் கதிர் பொறுக்கும் ஏழை விதவை அவள். ஏசாயா 40:2-இல் தண்டனை தீர்ந்த எருசலேமிடம் இப்படிப் பேசச் சொல்கிறார்கள், அங்கேயும் தமிழில் ‘பட்சமாய்ப் பேசி’தான். சிதைந்தோ தனித்தோ நிற்கிறவளிடம் மனம் இறங்கிப் பேசும் பேச்சு. நான் வேரைத் தோண்டிய நேரத்தில் இது என் கண்ணுக்கு எதிரே கிடந்தது.

சரி, அப்படியானால் மித்பாரும் திப்பர்தியும் ஒலிப்பதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இரண்டையும் ஓசியா ஒரே மூச்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். காது அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது அந்த வசனத்தில் அவர் செய்த ஒலி வேலை. அதை அகராதிப் பொருளாக்கி மற்ற வசனங்களுக்கும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இது: தீர்க்கதரிசி இரண்டு சொல்லையும் தானே எதிரெதிரே நிறுத்தியிருக்கிறாரா? ஆமோஸ் 8-ஐ எடுங்கள். கூடையில் பழுத்த கோடைப்பழம், காயிட்ஸ். உடனே வரும் தீர்ப்பு, கேட்ஸ், முடிவு. இரண்டுக்கும் வேர் வேறு, அதைப் பற்றி ஆமோஸ் கவலைப்படவில்லை. 1908-இல் கேசேர் என்ற பழைய இஸ்ரவேல் ஊரில் கிடைத்த சிறிய சுண்ணாம்புக்கல் பலகையில் விவசாய மாதங்களின் பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி மாதம் இந்தக் கோடைப்பழ மாதம். அங்கே அந்தச் சொல்லை நடுவில் யோத் என்ற எழுத்து இல்லாமல், முடிவு என்ற சொல்லைப் போலவே எழுதியிருக்கிறார்கள். வடக்கத்தி எபிரேயத்திலும் இப்படித்தான் உயிரொலி சுருங்கும். வடக்கே பெத்தேலில் ஆமோஸைக் கேட்டவர்களுக்குப் பழமும் முடிவும் ஒரே ஒலியாகவே விழுந்திருக்கலாம். எரேமியா 1-இல் வாதுமைக் கிளை ஷாகேத், விழித்திருந்து கவனிக்கிறவர் ஷோகேத். அங்கேயும் இரண்டு சொல்லும் அடுத்தடுத்த வசனத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

வசன எண்ணை நம்பி எபிரேயப் பக்கத்தைத் திறப்பது

தமிழில் ஓசியா 2:14, எபிரேயத்தில் 2:16. யோவேல் 2:28 அங்கே 3:1. மல்கியாவுக்கு அங்கே நாலாம் அதிகாரமே இல்லை.

இறந்தகால வினையைக் கண்டதும் ‘நடந்து முடிந்துவிட்டது’ என்பது

ஆமோஸ் 5:2-இல் இஸ்ரவேல் கன்னிகை விழுந்தாள், இனி எழுந்திருக்கமாட்டாள் என்று வருகிறது. விழுந்தாள் என்பது முற்றுவினை. அதை வைத்து, வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா விழுந்த பிறகுதான் இது எழுதப்பட்டது என்று ஒருவர் எங்கள் குழுவில் வாதித்தார். ஆனால் முந்தின வசனமே இதைக் கினா என்கிறது. கினா என்றால் ஒப்பாரி. முன்பாதி நீண்டு பின்பாதி குறுகி, மூன்று அழுத்தம், பிறகு இரண்டு அழுத்தம் என்று மூச்சு வாங்கும் நடை. இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் நாட்கள் அவை. வியாபாரம் செழித்திருந்தது, யானைத் தந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். கி.மு. 722 வாக்கில்தான் சமாரியா விழுந்தது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து மாரடித்து அவருக்கே ஒப்பாரி வைத்தால் எப்படி இருக்கும்? அந்த வினைச்சொல் அதைத்தான் செய்கிறது. வினைமுற்றைப் பார்ப்பதற்கு முன் அது என்ன வகைப் பாட்டு என்று பாருங்கள்.

உயிர்க்குறிகளை உதறித் தள்ளுவது

எபிரேயத்தில் முதலில் மெய்யெழுத்துகளைத்தான் எழுதினார்கள், உயிரொலியைக் காட்டும் குறிகள் பிறகு வந்தவை. “புள்ளியும் கோடும் பின்னால் மனிதர் போட்டதுதானே” என்று சிலர் விரும்பியபடி உயிர் ஏற்றிப் படிக்கிறார்கள். வேத வாசிப்பைக் காத்துவந்த யூத அறிஞர்களான மசோரெத்தியர்கள் அவற்றை எழுத்தில் போட்டது தீர்க்கதரிசிகளுக்கு ஆயிரம் வருடங்களுக்கும் மேல் கழித்துத்தான், உண்மை. அவர்கள் பதித்தது வழிவழியாக வந்த வாசிப்பை. ஏசாயா 9:8-இல் ஆண்டவர் யாக்கோபுக்கு ஒரு தாவாரை அனுப்பினார் என்று எபிரேயம் வாசிக்கிறது, வார்த்தை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே ‘மரணம்’ என்று இருக்கிறது. அதே மூன்று எழுத்தை அவர்கள் தெவெர் என்று படித்திருக்கிறார்கள். ஆக, குறியை மாற்றுவதானால் இப்படிப்பட்ட பழைய சாட்சி ஒன்று கையில் இருக்க வேண்டும். பிரசங்கத்துக்கு வசதியாக இருக்கிறது என்பது சாட்சி ஆகாது.

இதற்கு நேர் எதிராக, அச்சில் உள்ளதைத் தவிர வேறு வாசிப்பே இல்லை என்பவர்களும் உண்டு. 1947-இல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளில் 53:11-இல் ‘ஒளி’ என்ற சொல் கூடுதலாக இருக்கிறது. பழைய கிரேக்கமும் அதை ஆமோதிக்கிறது. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ் மாதிரி ஒலித்தால் தமிழ் என்பது

சாலொமோனின் மயிலுக்கு எபிரேயத்தில் துக்கி, அது நம் தோகை என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஏசாயா முழுக்கத் தமிழ் தேடாதீர்கள்.

வாய் திறக்காமல் படிப்பது

ஏசாயா 5:7-ஐக் கண்ணால் படித்தால் நியாயம், கொடுமை, நீதி, முறைப்பாடு என்று நாலு பெயர்ச்சொல். சத்தமாகப் படியுங்கள். மிஷ்பாத்துக்குக் காத்திருந்தார், இதோ மிஸ்பாஹ். ட்ஸெதாக்காவுக்குக் காத்திருந்தார், இதோ ட்ஸெஆக்கா. கடைசி ஜோடியில் ஒரே ஒரு மெய்தான் வேறு. தாலெத் இருந்த இடத்தில் தொண்டையிலிருந்து வரும் அயின். நீதி என்று எதிர்பார்த்து நீண்ட காது, நடுவில் ஓர் எழுத்து மாறி அலறலைக் கேட்கிறது.

அந்தத் தம்பிக்கு நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “அல் லிப்பாஹ்னு இருக்கே, அது வேற எங்க வருது அண்ணா?” என்று கேட்டான். எந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் கன்கார்டன்ஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.