பார்பெக்யூ பன்றிக்கறி டப்பாவில் என்ன பார்க்கணும்?

சென்னையிலிருந்து காரைக்குடி வந்த மச்சான் ஒரு டப்பா கொண்டுவந்தார். நார்நாராகப் பிய்த்து பார்பெக்யூ சாஸில் புரட்டிய பன்றிக்கறி. கறியில் புரதம் நிறைய உண்டு, சரி. வில்லங்கம் சாஸில் இருக்கும் சர்க்கரையிலும் உப்பிலும்தான்.

லேபிள் கணக்கு முழு டப்பாவுக்கா, 100 கிராமுக்கா, ஒருவர் சாப்பிடும் அளவுக்கா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சர்க்கரை கிராமை 4-ஆல் வகுங்கள்; அத்தனை தேக்கரண்டி. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு! ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம செட்டிநாட்டு உப்புக்கறிக்குப் பேரில்தான் உப்பு தூக்கல்.

பாதி சாஸை வடித்துவிட்டு, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, உப்புப் போடாமல் பிரட்டினேன். இடியாப்பத்துக்கு நன்றாகவே சேர்ந்தது.