பழைய ஸ்கேனரை லினக்ஸில் ஓட வைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

சம்பா நடவு தொடங்கிவிட்டால் திருவையாறிலிருந்து மன்னார்குடி வரை ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நிற்கும். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது என்று எதற்கும் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் வேண்டும். பலவற்றை ஸ்கேன் செய்துதான் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதே கடைகளின் பரணில் நல்ல ஸ்கேனர் ஒன்று தூசி படிந்து கிடக்கும். கேட்டால், "கம்ப்யூட்டர் மாத்தினோம், டிரைவர் இல்லைங்க" என்பார்கள்.

ஸ்கேனரில் பழுது இருக்காது. கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருள்தான் டிரைவர். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறாது. தயாரித்த நிறுவனமோ பழைய மாடலுக்குப் புதிய டிரைவர் எழுதுவதில்லை. விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தில் டிரைவரின் வேலையைச் செய்வது 'சேன்' (sane) என்ற திறமூல மென்பொருள். ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் அதில் ஒரு பேக்எண்ட், அதாவது அந்த வகையை இயக்கும் தனிப் பகுதி, உண்டு. தன்னார்வலர்கள் பராமரிப்பதால், நிறுவனம் கைவிட்ட மாடல்களும் அதில் உயிரோடு இருக்கின்றன.

முதலில், எதையும் நிறுவாமல் சோதியுங்கள்

லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கேனரின் அடியில், உள்ளே நகரும் தலையை அசையாமல் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தட்டை ஸ்கேனர்கள் பலவற்றில் உண்டு. அதைத் திறந்துவிட்டு யூஎஸ்பியில் செருகுங்கள். மெனுவில் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' செயலியைத் திறந்து ஸ்கேன் பொத்தானை அழுத்துங்கள். படம் வந்துவிட்டால் லினக்ஸை நிறுவிக்கொண்டு நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

வரவில்லையா? எண்ணைப் பிடியுங்கள்

பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி இணையத்தில் தேடாதீர்கள். ஒரே வரிசைப் பெயரில் வெவ்வேறு சிப் வைத்த மாடல்கள் வந்திருக்கின்றன. கேனனின் கேனோஸ்கேன் லைடு 20க்கு வேண்டியது 'பிளஸ்டெக்' (plustek) பேக்எண்ட். லைடு 35க்கும் 110க்கும் 'ஜெனிசிஸ்' (genesys). பெயரைப் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-யூ-எஸ்-பி (lsusb) என்ற ஐந்து எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலில் 04ஏ9:220டி என்பது போல ஓர் இணை இருக்கும். முன்பாதி நிறுவனம் (கேனன் 04ஏ9, எப்சன் 04பி8, ஹெச்பி 03எஃப்0), பின்பாதி மாடல். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டளை 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்' (sane-find-scanner). இடையில் சிறு கோடுகள் உண்டு. 'கட்டளை இல்லை' என்று வந்தால் சாஃப்ட்வேர் மேனேஜரில் 'சேன்-யூட்டில்ஸ்' (sane-utils) தேடி நிறுவுங்கள். இது பல ஸ்கேனர்களில் சிப்பின் பெயரையே சொல்லிவிடும். எல்எம்983 என்று தொடங்கினால் பிளஸ்டெக், ஜிஎல் என்று தொடங்கினால் ஜெனிசிஸ், ஜிடி-68 என்றால் 'ஜிடி68எக்ஸ்எக்ஸ்' (gt68xx). அப்புறம் சேன் திட்டத்தின் இணையதளத்தில் உள்ள ஆதரவுப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடுங்கள். 'கம்ப்ளீட்' அல்லது 'குட்' என்று இருந்தால் தைரியமாக லினக்ஸை நிறுவிக்கொண்டு மேலே போகலாம். 'அன்சப்போர்ட்டட்' என்று இருந்தால் அந்த ஸ்கேனரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பேக்எண்டை இணைப்பது

ஃபைல் மேனேஜரில் /இடிசி/சேன்.டி (/etc/sane.d) என்ற ஃபோல்டருக்குப் போய், வலது கிளிக் செய்து 'ஓப்பன் அஸ் ரூட்' கொடுங்கள். கைவைக்கும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் எடுத்துவையுங்கள். 'டிஎல்எல்.கான்ஃப்' (dll.conf) கோப்பில் பேக்எண்ட் பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியதன் முன்னால் # குறி இருந்தால் அதை நீக்கிச் சேமியுங்கள். பல நேரம் இதுவே போதும்.

சில ஸ்கேனர்களுக்கு ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேர், அதாவது ஸ்கேனருக்குள் ஓடும் மென்பொருள், ஏற வேண்டும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 2480, மஸ்டெக் பேர்பா வகைகள் அப்படி. அந்தக் கோப்பைச் சேன் தராது, அது நிறுவனத்தின் சொத்து. பழைய டிரைவர் சிடியில்தான் இருக்கும். அதனால் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். கோப்பை எங்கே வைப்பது என்று அதே ஃபோல்டரில் உள்ள அந்தந்த பேக்எண்டின் கான்ஃப் கோப்பிலேயே எழுதியிருக்கும்.

சிப் பொருந்துகிறது, ஆனால் உங்கள் எண் மட்டும் கான்ஃப் கோப்பில் இல்லை என்றால், அங்கே ஏற்கெனவே உள்ள வரியின் வடிவத்திலேயே உங்கள் எண்ணைச் சேர்த்துப் பார்க்கலாம். ஜெனிசிஸில் இந்த வழி பலிக்காது, மாடலின் விவரம் நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும். மற்றதில் முயலும்போது, முதல் ஸ்கேன் முடியும்வரை கை ஸ்கேனரின் மின் வயரிலேயே (தனி மின் வயர் இல்லாவிட்டால் யூஎஸ்பி வயரில்) இருக்கட்டும். மோட்டார் அளவுகள் பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் தலை ஓரத்தில் போய் முட்டும். கடகட சத்தம் கேட்ட நொடியில் வயரைப் பிடுங்குங்கள். தாமதித்தால் பல்சக்கரம் தேய்ந்துவிடலாம்.

கட்டளையின் முன்னால் நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' (sudo) போட்டால் ஸ்கேனர் தெரிகிறது, சாதாரணமாகத் தெரியவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். உங்கள் பயனர் கணக்கை 'ஸ்கேனர்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது

ஆவணத்துக்கு 300 டிபிஐ போதும். முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாளை 'டெக்ஸ்ட்' முறையில் எடுக்காதீர்கள், நிறம் போய்விடும், 'இமேஜ்' தேர்ந்தெடுங்கள். முத்திரைத்தாள் பத்திரம் ஏ4 கண்ணாடியைவிட நீளம். மேல்பாதி ஒரு முறை, கீழ்பாதி ஒரு முறை என்று நடுவில் சில வரிகள் இரண்டிலும் வரும்படி எடுத்து, ஒரே பிடிஎஃப்பில் இரு பக்கங்களாக வையுங்கள். ஒட்டி ஒரே படமாக்கினால் திருத்திய ஆவணமோ என்ற சந்தேகம் வரலாம்.