முதன்மை எண்ணா? எட்டு வரை பார்த்தால் போதும்

தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் காரணியும் (ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்) முதன்மை எண்ணும் (1, அந்த எண் என இரண்டே காரணிகள் உள்ளது) சொல்லிக்கொடுக்க நம்ம ஊர்த் தொலைபேசிக் குறியீடுகளே போதும். அம்பாறை 063, மட்டக்களப்பு 065, கல்முனை 067. முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிடுங்கள்.

காரணிகளைச் சோடியாக எழுதவேண்டும். 63 என்றால் 1 × 63, 3 × 21, 7 × 9. அடுத்தது 8, எட்டெட்டு 64, எண்ணைத் தாண்டிவிட்டது. அங்கேயே நிறுத்தலாம். காரணிகள் 1, 3, 7, 9, 21, 63. ஒன்றும் தவறாது, ஏனென்றால் பெரிய காரணி ஒவ்வொன்றுக்கும் சின்னச் சோடி ஒன்று இருக்கும். அது முன்னமே அகப்பட்டிருக்கும்.

65 லேசு. ஐந்தில் முடிகிறது, 5 × 13.

67 தான் பிள்ளைகள் முழிக்கிற இடம். சிலர் 33 வரை வகுத்துக்கொண்டே போவார்கள், வீண் வேலை. ஒன்பதொன்பது 81, ஆகவே 8 வரை போதும். அதிலும் 2, 3, 5, 7 மட்டும்; 4, 6, 8 ஆல் பிரிந்தால் 2 ஆலும் பிரிந்திருக்கும். ஒற்றை எண், 2 போகாது. 6 + 7 = 13, மூன்றால் பிரியாது; 3 போகாது. கடைசி இலக்கம் 0, 5 இல்லை. ஏழால் வகுத்தால் 63 போக மீதி 4. சரி, 67 முதன்மை எண்.



வீட்டில் 91ஐக் கொடுத்துப் பாருங்கள். முதன்மை எண் போலவே தெரியும். ஆனால் 7 × 13. ஏழை மட்டும் சோதிக்காமல் விடக்கூடாது.