பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல்: கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் 15 பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்தநாள், பொறியாளர் தினம். அன்றைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பீன்யாவிலும் உள்ள கம்பெனிகள் பெங்களூர் பள்ளிகளை நோக்கிக் கிளம்பும். பேனர், தொப்பி, ஒரு மணி நேர ரோபோ காட்சி, குரூப் போட்டோ. மறுநாள் பள்ளியில் ரோபோவும் இல்லை, காட்டியவரும் இல்லை. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். தான் செய்தது ஓடாமல் போய், ஏன் என்று பார்த்து, மறுபடி செய்யும்போதுதான் பொறியியல் ஆரம்பிக்கிறது. கம்பெனிகள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது முயற்சிக்கு இடமே விடாதவை.

மார்ச் மாத அவசரம்

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன் கீழ் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். கணக்கு மார்ச் 31-இல் முடிவதால் ஜனவரியில்தான் பலருக்கு ஞாபகம் வரும். அப்போது கர்நாடகப் பள்ளிகள் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். தலைமை ஆசிரியர் மரியாதைக்காக ஒரு பீரியட் கொடுப்பார், அதில் பாதி வரவேற்புரையிலேயே போய்விடும்.

இந்த அவசரத்துக்குத் தேவையே இல்லை. தொடர்ந்து நடக்கும் திட்டம் என்று போர்டு ஒப்புதல் பெற்றிருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கான தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். எனவே ஜூனில் பள்ளி திறந்ததும் பேசுங்கள், ஜூலையில் ஆரம்பியுங்கள், தசரா விடுமுறையை விட்டுவிட்டு டிசம்பர் வரை மாதம் இரண்டு முறை போங்கள். அதே இரண்டு பேர் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புது முகம் வந்தால் பாதி நேரம் அறிமுகத்திலேயே கழியும்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நடக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் போகிறார்கள். அதற்குள் 'எனக்குக் கணக்கு வராது' என்று பிள்ளை முடிவு கட்டியிருக்கும். ஏழாம், எட்டாம் வகுப்புதான் சரியான இடம்.

கிட் வாங்குவதில் நடப்பவை

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு ஐந்து எலெக்ட்ரானிக்ஸ் கிட் கொடுத்தால் ஒரு கிட்டுக்கு எட்டுப் பேர். ஒருவன் செய்வான், இருவர் எட்டிப் பார்ப்பார்கள், மற்றவர்கள் அரட்டை. பெண் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் ரெக்கார்ட் நோட்டுதான் போகும். ஒரு கிட்டுக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. அவர்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். பணம் போதாவிட்டால் கிட்டின் விலையைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

விலை உயர்ந்த, தனி கனெக்டர் வைத்த இறக்குமதி கிட்டில் ஒரு வயர் அறுந்தால் அந்தக் கிட்டே பீரோவுக்குள் போய்விடும். எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும் சாதாரண பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் பலகை), ஜம்பர் வயர், எல்.இ.டி., ரெசிஸ்டர், பேட்டரியில் ஓடும் பி.ஓ. மோட்டார் போதும். பள்ளி ஆசிரியரே போய் மாற்று வாங்கிக்கொள்வார்.

பெரிய கம்பெனிகளே கோட்டை விடும் இடங்கள் சில உண்டு. 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி.யை நேரடியாகக் கொடுத்தால் உடனே போய்விடும். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் என்றால் 350 ஓம் ரெசிஸ்டர் என்று கணக்கு வரும். 470 ஓம் போட்டால் பத்திரம். கிட்டுக்கு ஐந்து எல்.இ.டி. கூடுதலாக வையுங்கள். ஒன்றை எரித்துப் பார்த்த பிள்ளைக்கு ரெசிஸ்டர் எதற்கு என்று மறக்காது.

அதே 9 வோல்ட் பேட்டரியில் சர்வோ மோட்டாரையும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) ஓட்டச் சொல்வது அதைவிட மோசம். மோட்டார் திரும்பும் நொடியில் இழுக்கும் கரண்டை அந்த பேட்டரியால் தர முடியாது. வோல்டேஜ் இறங்கி, புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகும். பிள்ளை தன் புரோகிராம்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். சர்வோவுக்கு நான்கு ஏ.ஏ. செல் தனியாகக் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் (நெகட்டிவ் வயர்) சேர்க்க வேண்டும். சக்கர வண்டிக்கு மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர் போர்டு போட்டால் அதிலேயே சுமார் 2 வோல்ட் போய்விடும். நான்கு ரீசார்ஜ் செல் தரும் 4.8 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 3 வோல்ட்டுக்கும் கீழே. வண்டி நகராததற்கு அதுவே காரணம். டிபி6612 டிரைவர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பள்ளிக் கம்ப்யூட்டரை ஒரு வாரம் முன்பே போய்ப் பாருங்கள். மலிவான ஆர்டுயினோ போர்டுகளுக்கு கம்ப்யூட்டரில் சிஎச்340 டிரைவர் என்ற சாஃப்ட்வேர் வேண்டும். அதை ஏற்ற அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். அது தெரிந்த ஆசிரியர் அன்றைக்கு லீவில் இருப்பார். சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாத யு.எஸ்.பி. கேபிள்களும் கலந்து வரும். ஒவ்வொரு கேபிளையும் சோதித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

நேரமும் இதேபோலத்தான். ஒரு பீரியட் 40 நிமிடம். இரண்டு பீரியட் சேர்த்துக் கேளுங்கள். பத்து நிமிடம் விளக்கம், முப்பத்தைந்து நிமிடம் கட்டுவது, பதினைந்து நிமிடம் சோதிப்பது, கடைசி இருபது நிமிடம் திருத்திக் கட்டுவது. அந்தக் கடைசி இருபதைச் சிறப்பு விருந்தினர் பேச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பேக்டரி விசிட்

முப்பது பேரை வரிசையாக நடக்கவிட்டு, இரைச்சலில் யாருக்கும் கேட்காத குரலில் விளக்குவது வீண். எட்டிலிருந்து பத்துப் பேருக்கு ஒரு துணை ஆள் வேண்டும். பெரியவர்கள் அளவு பாதுகாப்புக் கண்ணாடி சின்ன முகத்தில் நிற்காது. சிறிய அளவில் வாங்கி வையுங்கள். தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், வளையல், செருப்பு வேண்டாம் என்று பள்ளிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அவமானம்.

மெஷினைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, குவாலிட்டி மேஜையில் உட்கார வையுங்கள். 10 மி.மீ. துளை உள்ள இருபது புஷ்களை (உலோக வளையங்கள்) கொடுங்கள். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் அளவு வித்தியாசம், ஹெச்7 என்றால் துளை 10.000-இலிருந்து 10.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முதலில் வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். அதன் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ.; பிடிபடாது. பிறகு துளைக்குள் விட்டுப் பார்க்கும் கோ, நோ-கோ பிளக் கேஜைக் கையில் கொடுங்கள். கோ முனை நுழைய வேண்டும், நோ-கோ முனை நுழையக் கூடாது. மூன்று ரிஜெக்ட் பீஸ்களைக் கலந்து வையுங்கள், எத்தனை என்று சொல்லாதீர்கள். ஒரு நல்ல பீஸில் பிசிறை எடுக்காமல் விட்டால் இன்னும் நல்லது: கோ நுழையாது, பிள்ளை ரிஜெக்ட் என்று ஒதுக்கும், பிசிறைத் தட்டிவிட்டால் நுழைந்துவிடும். பவர்பாயிண்ட் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

யார் பேசுவது, யாரிடம் பேசுவது

வைஸ் பிரசிடென்ட் வேண்டாம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளர்ந்து, டிப்ளமோ படித்து, இன்று சி.என்.சி. (கம்ப்யூட்டரால் இயங்கும் மெஷின்) புரோகிராம் எழுதும் இருபத்தாறு வயதுப் பெண் வந்து வீட்டில் பேசும் தமிழில் நாலு வார்த்தை பேசினால் பிள்ளைகள் நம்புவார்கள். அவரும் தனியாக இல்லாமல் இன்னொருவருடன் வர வேண்டும். வகுப்பில் ஆசிரியர் இருக்க வேண்டும். போட்டோவுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம்.

பெற்றோர் கூட்டத்தைப் புதன்கிழமை பதினொரு மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். ஞாயிறு மாலை வையுங்கள். பி.யு.சி. (பிளஸ் டூ) மட்டும்தான் வழி என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பாலிடெக்னிக் போகலாம், ராஜாஜிநகரில் உள்ள அரசுப் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி.யில் டூல் அண்டு டை டிப்ளமோ படிக்கலாம். டிப்ளமோ முடித்து டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். ஃபீஸ், விண்ணப்பிக்கும் மாதம், பஸ் ரூட் மூன்றையும் ஒரே தாளில் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்துக் கொடுங்கள்.

கணக்கில் வரும் சிக்கல்கள்

ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவது சி.எஸ்.ஆர். ஆகாது. ஊழியர்கள் செலவழித்த மணிநேரத்தை ரூபாயாக்கிக் காட்ட முடியாது. பழைய லேப்டாப்பைக் கொடுத்து அதற்கொரு மதிப்புப் போடவும் முடியாது. வாங்கும் கருவி கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. பள்ளிக் கல்வித் துறை போன்ற அரசு அமைப்பிடமோ சி.எஸ்.ஆர். பதிவு எண் உள்ள அறக்கட்டளையிடமோ இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அறிக்கையில் '5,000 மாணவர்களைச் சென்றடைந்தோம்' என்று எழுதுவது எளிது. எட்டாம் வகுப்பில் வந்த நாற்பது பேரில் பத்தாம் வகுப்பு முடித்து எத்தனை பேர் கணிதம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. பக்கம் போனார்கள் என்று பள்ளியிடம் கேட்டுப் பதியுங்கள். அதோடு உதிரிபாகச் செலவையும் பாருங்கள். ஒரு வருடத்தில் ஒரு வயர்கூட மாற்றப்படவில்லை என்றால் கிட் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த தவணைக்கு முன் நேரில் போய் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.